நாலு மணி வரை ஆர்.டி.

லெனோர் பூஷே கொண்டுவந்த கடிதம் நாலாக மடிந்து, குளிர்கோட்டுப் பைக்குள்ளேயே நனைந்து போயிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பனியில் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் பழைய கோப்பறைக்கும் நடுவில் இருக்கும் அந்த அறையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆராய்ச்சிகளில் நடக்கும் தப்புத்தண்டாவை விசாரிக்கும் டாக்டர் ஹல்டா நீமிக்கு நிர்வாகம் ஒதுக்கிய இடம் அது. விசாரிக்கிறவர்கள் மேல் நிர்வாகத்துக்கு எவ்வளவு பிரியம் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஹல்டா கடிதத்தைப் பிரித்து ஹீட்டரின் மேல் விரித்துவைத்தார். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடம் லேபில் இருந்தவர், எதற்கும் அவசரப்பட மாட்டார். காகிதம் அலையலையாகச் சுருங்கிக் காய்ந்தபிறகே எடுத்துப் படித்தார். மூன்றே வரி. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் திருப்தியான விளக்கம் வராவிட்டால், ரத்த மாதிரிகளில் மோசடி செய்ததாக நர்ஸ் பூஷே மேல் மாநில நர்சிங் வாரியத்துக்குப் புகார் போகும். கையெழுத்து, டாக்டர் எல்லிஸ் ஹார்க்ரேவ். அன்று வியாழக்கிழமை.

"பத்தொன்பது வருஷ லைசென்ஸ் டாக்டர். ரெண்டு பொண்ணுங்க, என் சம்பளம் மட்டும்தான். அது போனாலும் எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழச்சுக்குவேன். ஆனா திருடின்னு பேர் எடுத்துட்டுப் போக முடியாது" என்றாள் லெனோர்.

மூலையில் உட்கார்ந்திருந்த வெண்டல் குரோக்கர் அதற்குள் நோட்டுப்புத்தகத்தைத் திறந்துவிட்டான். நாற்பத்துநாலு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் காயம் பிடித்துப் பழகியவன். யார் நொண்டினாலும் சந்தேகப்படுவான். ஒரே ஒரு நல்ல குணம், சொன்னதைச் சொன்னபடி எழுதிவைப்பான்.

விஷயம் இதுதான். சிறுநீரகம் திணறத் தொடங்கும்போது ரெனின் என்கிற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். மற்ற பரிசோதனைகளில் தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அது ரத்தத்தில் ஏறுகிறதா, அதை வைத்து வரப்போகும் கேட்டைச் சொல்லிவிடலாமா என்பது ஹார்க்ரேவின் ஆராய்ச்சி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் காலையில் ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். எண் நாற்பதைத் தாண்டினால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை உடனே நிறுத்திவிடுவார்கள்.

வார நாட்களில் கணக்கு அழகாகப் பொருந்தியது. எண் ஏறினவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சனி ஞாயிறுகளில் மட்டும் பதினாலு பேருக்கு எண் எகிறியும் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. பதினாலு குழாயிலும் 'எல்.பி.' என்ற கையெழுத்து. லெனோர் சனி ஞாயிறு மட்டும் வேலை பார்ப்பவள்.

"நான் சோம்பேறித்தனமா ஒரே நோயாளிகிட்ட ரத்தத்தை எடுத்து, எல்லாக் குழாயிலயும் ரொப்பிட்டேன்னு சொல்றார்."

"ரொப்பினீங்களா?" என்று ஹல்டா நேரடியாகவே கேட்டார்.

"இல்ல டாக்டர். காலைல எட்டு மணிக்குப் பெட் பெட்டா போய் நானே எடுப்பேன். கார்டுல போட்டிருக்கிறபடி ஆர்.டி.கிட்ட வச்சிடுவேன். நாலு மணிக்கு லேப் ஆள் வந்து எடுத்துட்டுப் போவார். வார நாள்ல ஹார்க்ரேவோட ஆளே பக்கத்துல நின்னு வாங்கிட்டுப் போயிடறாங்க, சனி ஞாயிறு அவங்க வர்றதில்ல. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெண்டல் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டான்.

"அந்தப் பதினாலு பேர்ல யாருக்காவது கெடுதல் ஆச்சா?" என்று கேட்டார் ஹல்டா.

"கிளெம் வொய்டக்" என்றாள் லெனோர். "பனி தள்ளுற வண்டி ஓட்டறவர். கால்ல சீழ் வச்சு வந்தார். ரெனின் நாற்பத்தெட்டுன்னு வந்ததும் வீரியமான மருந்தை நிறுத்திட்டு, கிட்னிக்குச் சாதுவான மருந்தா மாத்தினாங்க. சீழ் ஏறிப்போச்சு. வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அவள் போனதும் வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அவதான் செஞ்சிருக்கா டாக்டர். அழாம பேசறா பாருங்க."

"அழுதிருந்தா நடிக்கிறான்னு சொல்லியிருப்ப. எழுந்திரு, லேபுக்குப் போகலாம்."

லேபின் உறைபெட்டியில் சோதனைக்குப் பிறகு மிஞ்சிய ரத்தம் குழாய் குழாயாக இருந்தது. வெண்டல் இரண்டை எடுத்து விளக்கடியில் பிடித்ததும் அவன் முகம் பிரகாசமாகிவிட்டது. வார நாள் குழாயில் லேபிள் மழமழவென்று ஒட்டியிருந்தது. லெனோரின் குழாயில் லேபிள் அலையலையாகச் சுருங்கி, மை பரவி, ஓரம் தூக்கியிருந்தது. பதினாலும் அப்படியே.

"லேபிளை உரிச்சு மறுபடி ஒட்டியிருக்கா. குழாயை மாத்தினதுக்கு இதைவிட என்ன வேணும்?"

ஹல்டா லேப் ஆளைக் கூப்பிட்டார். பதினாலு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து ரத்த வகையும் அதன் உட்பிரிவுகளும் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் முடிவு வந்தது. பதினாலும் அவரவர் ரத்தம்தான். யாரும் எதையும் மாற்றவில்லை.

வெண்டலுக்கு முகம் தொங்கிப்போனது. "அப்போ லேபிள்?"

"காலைல அவ கடிதம் எப்படிக் காஞ்சுது, பாத்தியா? உரிச்ச காகிதம் கிழியும். நனைஞ்ச காகிதம்தான் இப்படிச் சுருங்கும். இந்தக் குழாயெல்லாம் தண்ணியில கிடந்திருக்கு."

"ரத்தக் குழாயை யார் தண்ணியில போடுவா?"

"அதான் எனக்கும் தெரியல." ஹல்டா பதிவேட்டைப் புரட்டினார். "இன்னொண்ணு பாரு. நவம்பர் ரெண்டாவது சனி ஞாயிறு. மூணு குழாய், மூணும் லெனோர் எடுத்தது. எண்ணும் சரி, லேபிளும் சரி. அந்த வாரம் மட்டும் அவ நல்லவளா மாறிட்டாளா?"

ஆராய்ச்சிக்காக நர்ஸ்களுக்குக் கொடுத்த கார்டு பதிவேட்டில் சொருகியிருந்தது. உள்ளங்கை அளவு, நான்கு வரி. இந்தக் கையில் எடு, இந்த நிறக் குழாயில் எடு, பெயர் ஒட்டு. கடைசி வரி: 'ஆர்.டி. – நாலு மணி வரை.'

"ஆர்.டி.ன்னா என்ன?" என்றான் வெண்டல்.

"ரூம் டெம்பரேச்சர். அறைச் சூட்டுல சும்மா வெளிய வைக்கணும். பெரும்பாலான ரத்தத்தைக் குளிர்ல வச்சாத்தான் நல்லது, ரெனினுக்குக் குளிர் ஆகாது. கார்டு சரியாத்தான் இருக்கு. வசந்த காலத்துல நானே படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்." அந்தக் கார்டை ஹல்டா அன்று மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற இடம் இதுதான்.

மாலை ஐந்துக்கு இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். கிளெம் வொய்டக் ஆபத்துக் கட்டம் தாண்டி ஓரத்து அறையில் இருந்தார். அறுபத்தொரு வயது, பரந்த தோள். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

"விசாரணைக்காரங்களா? உட்காருங்க. அந்தப் பொண்ணு மேல பழி போடறதுக்கு வந்திருந்தா நிக்கவே வேணாம், கிளம்புங்க."

"பழி போட வரல. கால் எப்படி இருக்கு?"

"போனது நல்லா இருக்கும், அதுக்கென்ன. இருக்கிறதுதான் வலிக்குது." கிளெம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பத்திமூணு வருஷம் பனி தள்ளினேன். வலது கால் இல்லாம அந்த வண்டிய ஓட்ட முடியாது. ஆனா டாக்டர் சொன்னார், கால் போச்சு, கிட்னி பொழச்சுதுன்னு. இல்லாட்டி வாரத்துல மூணு நாள் மெஷினோட கட்டிப்போட்டிருப்பாங்களாம். ரெண்டுல ஒண்ணுன்னா இது தேவலை. அதை நெனச்சுத்தான் தூங்கறேன்."

ஹல்டா தலையை மட்டும் ஆட்டினார். அந்த எண் நாற்பத்தெட்டு பொய் என்றால் இந்த மனிதருக்குத் தூங்க எதுவும் மிச்சமிருக்காது என்பது அவருக்கு அந்த நிமிஷமே உறைத்தது.

வராந்தாவுக்கு வந்தபோது கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "ஆர்.டி., பதினோராம் பெட். ஆர்.டி., பதினோராம் பெட்."

பக்கத்து அறையிலிருந்து நரைத்த மீசையுள்ள ஒருவர் கையில் பிராணவாயுக் குழாயோடு வெளியே வந்து, அவர்களைத் தாண்டி வேகமாகப் போனார். ஓரின் ஸ்காட்பெர்க். நோயாளிகளின் மூச்சையும் மூச்சு இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். இருபத்தெட்டு வருடமாக அங்கே இருப்பவர்.

ஹல்டா நடு வராந்தாவில் நின்றுவிட்டார்.

"என்ன டாக்டர், நெஞ்சு வலியா?"

"வெண்டல், உன் நோட்டைத் திற. லெனோர் குழாயை எங்க வச்சதா சொன்னா? அவ சொன்னதை அப்படியே படி."

வெண்டல் புரட்டினான். "'கார்டுல போட்டிருக்கிறபடி ஆர்.டி.கிட்ட வச்சிடுவேன்.'"

"கிட்ட" என்றார் ஹல்டா. "ஆர்.டி.ல வச்சேன்னு சொல்லல. ஆர்.டி.கிட்ட. அறைச் சூடு கிட்ட எதையாவது வைக்க முடியுமா?"

ஓரின் புறப்பட்டு வந்த அறை திறந்தே இருந்தது. ரத்தத்தில் பிராணவாயு அளவைப் பார்க்கும் இயந்திரம் ஒன்று, பக்கத்து அலமாரியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி நிறையப் பனிக்கட்டி, பாதி கரைந்து தண்ணீராகியிருந்தது. அதில் இரண்டு ஊசிக்குழாய்கள் சொருகியிருந்தன.

ஓரின் கால் மணி நேரத்தில் திரும்பினார்.

"இது எதுக்கு?" என்று தொட்டியைக் காட்டிக் கேட்டார் ஹல்டா.

"மூச்சுச் சோதனைக்கு எடுக்கிற ரத்தம். சூட்டுல கெட்டுப்போயிடும். இப்போ பனிக்கட்டி வேணாங்கறாங்க, நான் பழைய ஆளு, பழக்கம் விடல."

"நவம்பர் ரெண்டாவது சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

ஓரின் சிரித்தார். "என்ன கேள்வி இது? மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கிற அன்னிக்கு இந்த ஊர்ல எவன் வேலைக்கு வருவான்? அண்ணனோட காட்டுல இருந்தேன். ஒண்ணும் கிடைக்கல, அது வேற கதை. எனக்குப் பதிலா வந்தவர் மாடியிலேயே இருந்துட்டார். இந்த ரூம் ரெண்டு நாளும் பூட்டுதான்."

வெளியே வந்ததும் வெண்டல் ஹல்டாவின் முழங்கையைப் பிடித்தான். "இவன்தானா? என்ன சிரிப்பு சிரிக்கிறான் பாருங்க."

"சும்மா இரு. நாளைக்குக் காலைல சாப்பிட்டுட்டு வா. உன் கை வேணும்."

"கையா?"

"ரத்தம் எடுக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வெண்டல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். ஒரு நிமிஷத்தில் முடிந்துபோன வேலைக்கு நாள் முழுக்க முனகினான். ஒரே கையில் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு குழாய். ஒன்றை ஹல்டா தன் மேஜையில் வைத்தார். மற்றதைப் பனிக்கட்டி போட்ட ஒரு வாளியில் வைத்தார். இரண்டு மணிக்கு இரண்டும் லேபுக்குப் போயின.

மூன்று மணிக்கு, நோயாளிகளின் குடும்பத்தார் காத்திருக்கும் சின்ன அறையில் எல்லோரும் கூடினார்கள். ஹார்க்ரேவ் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். லெனோர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஓரின் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் கதவருகில் நின்றார்.

"சுருக்கமா சொல்லிடுங்க ஹல்டா. நாலு மணிக்குக் கடிதம் போகணும்" என்றார் ஹார்க்ரேவ்.

"சொல்றேன். முதல்ல யாரும் ரத்தத்தை மாத்தல. பதினாலும் அந்தந்த நோயாளியோட ரத்தம்தான், சோதிச்சாச்சு. ரெண்டாவது, பதினாலு லேபிளும் தண்ணியில ஊறியிருக்கு. மூணாவது, ஒரே ஒரு வாரம் மட்டும் லெனோர் எடுத்ததும் சரியா இருந்தது. அது மான் சீசன் ஆரம்பிச்ச வாரம். அன்னிக்குக் குழாயை எங்க வச்சீங்க லெனோர்?"

"ஓரின் ரூம் பூட்டியிருந்தது. நர்ஸ் மேஜை மேலயே விட்டுட்டேன்."

"மத்த வாரமெல்லாம்?"

"ஓரின்கிட்டதான் கொடுப்பேன். கார்டுல அப்படித்தானே போட்டிருக்கு, ஆர்.டி., நாலு மணி வரைன்னு."

ஹார்க்ரேவ் நிமிர்ந்தார். "ஆர்.டி.ன்னா ரூம் டெம்பரேச்சர்."

"லேபுல" என்றார் ஹல்டா. "உங்களுக்கும் எனக்கும். இந்த வராந்தாவுல ஆர்.டி.ன்னா ஒரே ஒரு அர்த்தம்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மைக்குல கூப்பிடறாங்க. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். அவர் இதோ நிக்கிறார்."

எல்லோரும் ஓரினைப் பார்த்தார்கள். ஓரின் மீசையைத் தடவினார். "லெனோர் கொண்டுவந்து கொடுக்கும். ரத்தமாச்சே, கெட்டுடக் கூடாதேன்னு என் தொட்டியில, பனிக்கட்டிக்குள்ள வச்சேன்." அவர் குரல் இறங்கியது. "தப்பா?"

"ரத்தத்துல ரெனினோட தூங்குற வடிவம் ஒண்ணு நிறைய இருக்கு. சும்மா கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்ல. குளிர்ல மணிக்கணக்கா வச்சா அது முழிச்சுக்கும். மெஷினுக்கு ரெனின் மாதிரியே தெரியும். நோயாளிக்குள்ள ஏறல, குழாய்க்குள்ள ஏறியிருக்கு." ஹல்டா ஒரு தாளை மேஜையில் வைத்தார். "இது வெண்டலோட ரத்தம். மேஜையில இருந்தது இருபத்தொண்ணு. பனிக்கட்டியில இருந்தது நாற்பத்தேழு. அவன் கிட்னிக்கு ஒண்ணும் இல்ல. வாய்க்குத்தான் வைத்தியம் வேணும்."

ஹார்க்ரேவ் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான். தான் எழுதிய இரண்டு எழுத்தை இன்னொருவர் வேறுமாதிரி படிக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு ஒரு கால் போயிருக்கிறது.

"கார்டை நான்தான் எழுதினேன்" என்றார் கடைசியில்.

"நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்" என்றார் ஹல்டா. "ரெண்டு பேர் பேரையும் அறிக்கையில எழுதறேன். உங்க கடிதத்தைக் கொடுங்க."

அவர் கொடுத்தார். ஹல்டா அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். லெனோர் அதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை வராந்தாவின் கோடியில், ஓரத்து அறைக்கதவின் மேல் இருந்தது.

"கிளெமோட நாற்பத்தெட்டு" என்றாள்.

"அதுவும் குழாய்ல ஏறினதுதான். அவர் சிறுநீரகம் முதல் நாளிலிருந்தே நல்லா இருந்திருக்கு."

காலை எடுத்த பிறகு மூன்று நாள் கிளெமுக்கு மூச்சு இயந்திரத்தை ஓட்டியவர் ஓரின்தான்.

ஹார்க்ரேவ் எழுந்தார். "அவர்கிட்ட நான் போய்ச் சொல்றேன். அது என் கடமை."

"கண்டிப்பா சொல்லணும். ஆனா நீங்க அப்புறம் வாங்க" என்றாள் லெனோர். "நான் எடுத்த ரத்தம். நான் கொண்டுபோய்க் கொடுத்தது. முதல்ல நான்."

கிளெம் அவளைக் கண்டதும் தலையணையில் நிமிர்ந்தார். "மணி நாலாகப்போகுது. லைசென்ஸ் இருக்கா, போச்சா?"

"இருக்கு."

"அப்போ மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க?"

லெனோர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கார்டிலிருந்து பனிக்கட்டித் தொட்டி வரை ஒன்று விடாமல் சொன்னாள். கீழே தெருவில் பனி தள்ளும் வண்டி ஒன்று இரும்பு உரச மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை கிளெம் காது கொடுத்துக் கேட்டார்.

"என் கிட்னிக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல கிளெம். எப்பவுமே இல்ல."

"அப்போ கால் எதுக்குப் போச்சு?"

பத்தொன்பது வருடத்தில் ஆறுதல் வார்த்தை எத்தனையோ அவளுக்குப் பாடமாகியிருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. "அந்த மருந்தை விடாம கொடுத்திருந்தா கால் நின்னிருக்கும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா கிட்னியைக் காப்பாத்தறதுக்காகப் போகல. அது மட்டும் நிச்சயம்."

கிளெம் போர்வையின் தட்டையான பக்கத்தைக் கையால் ஒருமுறை நீவிவிட்டார். "ஓரினுக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளிய நிக்கிறார். உள்ள வரட்டுமான்னு கேக்கறார்."

"இன்னிக்கு வேணாம்னு சொல்லு."

"சரி."

"அந்த டாக்டரும் வேணாம். யாரும் வேணாம்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து கதவுவரை போனாள்.

"நீ இரு" என்றார், திரும்பாமலே.

லெனோர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.